வண்ணப் பம்பரம் சுற்றிய மேதை

(இறுதியாண்டு மாணவன், அச்சுத் தொழில்நுட்பப் பிரிவு)



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, ஒரு கவிதையைக் கொடுத்துத் தப்பித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கவிதை ஏற்கெனவே மூட்டை கட்டும் அளவுக்கு வந்துவிட்டதாம். பிரயோஜனமாக எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பிரயோஜனமாக நமக்கு என்ன தெரியும் என்று ஹாஸ்டல் மொட்டைமாடியில் உட்கார்ந்து யோசித்தேன். நான் பண்ணிய ஒரு தப்பும், அந்தத் தப்பினால் எனக்கு அறிமுகமான ஒரு மனிதரும்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

முதலில் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்காக ஓர் அச்சகத்துக்குப் போயிருந்தேன். ஒரு ஜவுளிக்கடையின் எட்டுப் பக்க கேட்லாக் வேலை. மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்குப் பட்டு என்று விதவிதமான சேலைப் படங்கள். ஆர்.ஜி.பி.யில் இருந்த அந்தப் படங்களை நான் டெஸ்க்டாப்பில் வைத்து சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றினேன். பெரிய வேலை பார்த்துவிட்ட பெருமை! பக்கத்து அறையில் டிஜிட்டல் மிஷினோடு இணைந்த பிரிண்ட் சர்வர். அதற்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது 600 ஷீட் ஓடியிருந்தது. மாம்பழ மஞ்சள் அழுக்கு மஞ்சளாகி இருந்தது. அரக்கு, காபிக்கொட்டை நிறத்துக்குப் போயிருந்தது. சின்ன எழுத்துகளின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் கசிந்தாற்போல் தெரிந்தது. போச்சு!

வயிற்றெரிச்சல் என்னவென்றால், என்னோடு வந்த நண்பன் அதே படங்களில் ஒன்றை எதுவும் செய்யாமல் ஆர்.ஜி.பி.யாகவே சர்வருக்கு அனுப்பிப் பார்த்தான். சேலை கடையில் இருப்பதுபோல அப்படியே வந்தது. ஒண்ணுமே செய்யாதவனுக்குச் சரியாக வருகிறது, மெனக்கெட்டவனுக்குக் கெட்டுப்போகிறது. இது என்ன நியாயம்?

அந்த அச்சகத்து ஃபோர்மேன் அண்ணன் என்னைத் திட்டவில்லை. வண்ணத்தை எந்த இடத்தில் மாற்றினாய் என்று மட்டும் கேட்டார். டெஸ்க்டாப்பில் என்றேன். சர்வரிலும் மாற்றம் நடக்கிறதே, அது தெரியுமா என்றார். தெரியாது. வருகிற எல்லாக் கோப்புகளையும் தன் கணக்குப்படி மாற்றும்படி அந்தச் சர்வர் அமைக்கப்பட்டிருந்தது. நான் வேறொரு காகிதத்துக்காக மாற்றியிருந்த எண்களை அது எடுத்து, இந்தக் காகிதத்துக்காக மறுபடியும் மாற்றியிருக்கிறது. ஒருமுறை உப்புப் போட்ட குழம்பில், தெரியாமல் இன்னொருவரும் உப்புப் போட்ட கதைதான். தனிக் கறுப்பில் நான் வைத்திருந்த எழுத்துகளைக்கூட அது நாலு மைகளாகப் பிரித்துவிட்டது. எழுத்தின் ஓரத்தில் வண்ணம் கசிந்தது அதனால்தான்.

600 ஷீட் வீணானது அச்சகத்தின் நஷ்டம். ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. சயான் 20, மெஜந்தா 90 என்று நான் எழுதிக் கொடுத்தால் அது ஒரு நிறம்தானே? அதே எண் ஒரு மிஷினில் ஒரு நிறமாகவும் இன்னொன்றில் வேறு நிறமாகவும் எப்படி ஆகும்? நிறத்துக்கு என்று சொந்தமாக ஓர் எண் கிடையாதா? இதைத் தேடி நம் நூலகத்தில் உட்கார்ந்தபோதுதான் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வந்து சேர்ந்தார்.

எலக்ட்ரிகல் நண்பர்கள் உடனே சிரிப்பார்கள். மேக்ஸ்வெல் என்றால் அவர்களுக்கு மின்காந்தச் சமன்பாடுகள். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் செய்கிற பெயர். ஆனால் நம் மானிட்டரிலும் மிஷினிலும் ஓடுகிற வண்ணக் கணக்குக்கு அஸ்திவாரம் போட்டவரும் அதே மனிதர்தான். அது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மேக்ஸ்வெல் 1831-ம் ஆண்டு ஜூன் 13-ம் தேதி ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். அப்பா வக்கீலுக்குப் படித்தவர். ஆனாலும் இயந்திரங்கள் என்றால் அவருக்கு உயிர். கிளென்லேர் என்ற கிராமத்துப் பண்ணை வீட்டில் பையன் வளர்ந்தான். எட்டு வயதில் அம்மா வயிற்றுப் புற்றுநோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அப்பாவுக்குப் பிள்ளை, பிள்ளைக்கு அப்பா என்றாகிவிட்டது.

பத்து வயதில் எடின்பரோ பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அப்பாவே மாதிரி போட்டுச் செய்த சதுர மூக்கு ஷூவும், கிராமத்துச் சட்டையுமாகப் போய் நின்றான். பட்டணத்துப் பையன்கள் சும்மா விடுவார்களா? முதல் நாளே சட்டையைக் கிழித்து அனுப்பினார்கள். கிறுக்கன் என்று அர்த்தம் வருகிற டாஃப்டி என்ற பட்டப்பெயரும் வைத்தார்கள். கிராமத்திலிருந்து முதல் நாள் நம் ஹாஸ்டலுக்குத் தகர டிரங்குப் பெட்டியோடு வந்தவர்களுக்கு இது புரியும்.

அந்தக் கிறுக்கன்தான் பதினாலு வயதில், குண்டூசியும் நூலும் வைத்து முட்டை வடிவக் கோடுகள் வரையும் முறை பற்றி ஒரு கட்டுரை எழுதினான். 1846-ல் அது எடின்பரோ ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. வயது பத்தாது என்பதால் பேராசிரியர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ்தான் அவனுக்குப் பதிலாக நின்று படித்தார்.

இந்த ஃபோர்ப்ஸ்தான் பின்னால் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல்லுக்கு வண்ணப் பைத்தியத்தை ஏற்றிவிட்டவர். வண்ணத் தாள்களை வட்டில் ஒட்டி வேகமாகச் சுற்றினால் கண்ணுக்குள் நிறங்கள் கலந்துவிடும். ஃபோர்ப்ஸ் மஞ்சளையும் நீலத்தையும் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் எதிர்பார்த்தது பச்சை. வந்ததோ லேசான ரோஸ் சாயல்! சாயத்தைக் குழைத்தால் பச்சை, வட்டைச் சுற்றினால் வேறு. காரணம் எளிது. வட்டில் ஒளியோடு ஒளி சேருகிறது. சாயத்தில் ஒவ்வொரு சாயமும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது, மிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. நம் மானிட்டர் அந்த வட்டு மாதிரி, நம் மிஷின் அந்தச் சாயம் மாதிரி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எங்கோ ஓரிடத்தில் மாற்றம் நடந்தே தீரவேண்டும் என்பதன் மூலகாரணம் இதுதான்.

1850-ல் கேம்பிரிட்ஜ் போன மேக்ஸ்வெல், 1854-ல் கணிதத்தில் இரண்டாவது இடத்தில் தேறினார். அடுத்த வருஷமே, 1855-ல், வண்ணப் பம்பரத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். பம்பரம் என்றால் நாம் சாட்டை சுற்றி விடுகிற பம்பரம் போலத்தான், மேலே ஒரு தட்டையான வட்டு இருக்கும். வெர்மிலியன் சிவப்பு, எமரால்டு பச்சை, அல்ட்ராமரின் நீலம் என்று மூன்று வட்டத் தாள்கள். ஒவ்வொன்றிலும் மையத்திலிருந்து விளிம்புவரை ஒரு வெட்டு. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, எந்த நிறம் எவ்வளவு தெரியவேண்டுமோ அவ்வளவு திருப்பி வைத்துக்கொள்ளலாம். அவற்றின் மேல், நடுவில், சின்னதாகக் கறுப்பு, வெள்ளைத் தாள்கள். விளிம்பில் 100 பாகங்கள் குறித்த அளவுகோல். சுற்றிவிட்டு, வெளி வட்டமும் உள் வட்டமும் ஒரே நிறமாகத் தெரியும்வரை திருத்துவார்.

ஒரு முடிவைச் சொல்கிறேன். சிவப்பு 37, நீலம் 27, பச்சை 36 பாகங்கள் வைத்தபோது, வெளியே வந்த சாம்பல் நிறம், வெள்ளை 28 பாகமும் கறுப்பு 72 பாகமும் சேர்ந்த சாம்பலுக்குச் சமமாக இருந்தது. அவ்வளவுதான்! பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் நிறம் என்பது வாயால் வர்ணிக்கிற சமாச்சாரமாக இருந்த காலத்தில், அதைக் கூட்டல் கணக்காக எழுதிக் காட்டியாயிற்று. எந்த நிறத்தையும் மூன்று எண்களால் குறிக்கலாம், ஒரு முக்கோணத்துக்குள் புள்ளி வைத்துக் காட்டலாம் என்று அவர் நிறுவினார். கண்ணுக்குள் மூன்று வகை உணர்வுகள் இருக்கவேண்டும் என்று தாமஸ் யங் முன்பே ஊகித்திருந்ததற்கு அளவெடுத்த சான்று கிடைத்தது. நிறக்குருடு உள்ளவர்களை வைத்துச் சோதித்தபோது, அவர்களுக்கு மூன்றுக்குப் பதில் இரண்டு நிறங்களே போதுமாக இருந்தன.

முக்கோணத்துக்கு வெளியே விழும் நிறங்களும் உண்டு. மூன்று தாளையும் எப்படித் திருப்பினாலும் அவை வராது. அவற்றை என்ன செய்தார்? மூன்றில் ஒன்றை எதிர்ப்பக்கத்துக்குக் கொண்டுபோய், அந்த நிறத்தோடேயே சேர்த்துக் கணக்கை நேர் செய்தார். மானிட்டரில் பளீரென்று தெரிகிற நீலம் மையில் வராதபோது நாம் மிஷின்மேனோடு சண்டை போடுகிறோமே, அதுவும் இதே கதைதான். மையின் எல்லைக்கு வெளியே இருக்கிற நிறத்தை யார் திட்டினாலும் மை கொடுக்காது.

இதில் என்னைத் தொட்டது இன்னொன்று. பகல் வெளிச்சத்தில் பொருந்திய தாள்கள் கேஸ் விளக்கின் கீழே பொருந்தவில்லை என்பதை அவர் கவனித்தார். மறைக்கவில்லை. எந்தத் தாள், எந்த வெளிச்சம், யாருடைய கண் என்று சேர்த்தே எழுதி வைத்தார். எண்ணை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. கேட்லாக்கில் நான் செய்தது சரியாக அந்தத் தப்பைத்தான்.

மேதை என்றால் வாழ்க்கை பூவாகத் தூவியதா? இல்லை நண்பர்களே. 1856-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் அபர்டீன் நகரில் மாரிஷல் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது, வயது 25. அங்கே பகலில் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம், அதோடு தொழிலாளிகளுக்கும் சம்பளம் இல்லாத வகுப்பு. 1858-ல் கல்லூரி முதல்வரின் மகள் கேத்தரினைத் திருமணம் செய்துகொண்டார். 1860-ல் அந்த ஊரில் இருந்த இரண்டு கல்லூரிகளை ஒன்றாக்கினார்கள். ஒரு பாடத்துக்கு ஒரு பேராசிரியர் போதும் என்று மேக்ஸ்வெல்லை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆமாம், மேக்ஸ்வெல்லுக்கே வேலை போச்சு! எடின்பரோவில் தன் குருநாதர் ஃபோர்ப்ஸின் இடம் காலியானது. விண்ணப்பித்தார். அதுவும் பள்ளித் தோழர் டெய்ட்டுக்குப் போய்விட்டது. அதே வருஷம் பெரியம்மை வந்து சாகக் கிடந்தார். கேத்தரின்தான் பக்கத்திலிருந்து பார்த்துப் பிழைக்கவைத்தார். இன்டர்வியூவில் ஒருமுறை தோற்றுவிட்டு இடிந்துபோய் உட்காருகிறவர்கள் 1860-ம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் வண்ண ஆராய்ச்சிக்காக அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கமும் கிடைத்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் வேலையும் கிடைத்தது.

லண்டன் வீட்டு மச்சில் எட்டு அடி நீளத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் சூரிய ஒளியைப் பிரித்து, தூய நிறங்களை அளந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் மணிக்கணக்கில் சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்களே என்று அக்கம்பக்கத்தார் மிரண்டுபோனதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவருடைய 1860-ம் ஆண்டுக் கட்டுரையில் அளவெடுத்தவர்கள் ஜே, கே என்று இரண்டு பேர். ஜே அவர்தான். கே என்பது கேத்தரின். இரண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரி அளக்கவில்லை. என் கண்தான் சரி என்று மேக்ஸ்வெல் மனைவியின் எண்களை அழித்துவிடவில்லை. இரண்டையும் தனித்தனியாக அச்சில் போட்டார். ஒரே ஓர் எழுத்தாக நின்றுபோன அந்த அம்மாளுக்கும், வண்ணத் தொழிலில் இருக்கிற நாம் ஒரு வணக்கம் சொல்ல வேண்டும்.

1861-ம் ஆண்டு மே 17-ம் தேதி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் காட்டியது உலகமே மறக்காத காட்சி. ஒரு கட்டம்போட்ட ரிப்பனைச் சிவப்பு, பச்சை, நீலத் திரவங்கள் வழியாக, கறுப்பு வெள்ளையில் தனித்தனிப் படமாக எடுத்துக் கொடுத்தவர் தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரர். அந்தப் படங்களை அதே நிற ஒளிகளில் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச்செய்தார் மேக்ஸ்வெல். ரிப்பன் வண்ணத்தில் தெரிந்தது! இன்று நாம் செய்கிற கலர் செபரேஷனுக்கு வழிகாட்டியது அந்தச் சோதனை. வேடிக்கை என்னவென்றால், அன்றைய பிளேட்டுக்குச் சிவப்பு ஒளியே பதியாது. பிறகு எப்படி வந்தது? சரியாக 100 வருஷம் கழித்து, 1961-ல்தான் கோடாக் ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டார்கள். ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரையும் திருப்பி அனுப்பியது, அதுதான் பிளேட்டில் பதிந்திருந்தது. கருவி பார்க்கிறது வேறு, கண் பார்க்கிறது வேறு என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

ஒளியே ஒரு மின்காந்த அலை என்று காட்டியதும் லண்டன் நாட்களில்தான். 1865-ல் அந்த வேலையை விட்டுக் கிளென்லேருக்குத் திரும்பினார். 1871-ல் கேம்பிரிட்ஜின் முதல் கேவண்டிஷ் பேராசிரியரானார். அவர் திட்டமிட்டுக் கட்டிய கேவண்டிஷ் ஆய்வுக்கூடம் 1874-ல் திறக்கப்பட்டது. 1879-ம் ஆண்டு நவம்பர் 5-ம் தேதி காலமானார். அம்மாவைக் கொண்டுபோன அதே வயிற்றுப் புற்றுநோய், கிட்டத்தட்ட அம்மாவின் அதே வயது, 48. கிளென்லேருக்குப் பக்கத்தில் பார்டன் கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

ஆள் போய்விட்டார், முக்கோணம் போகவில்லை. 1920-களில் ரைட், கில்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மொத்தம் 17 பேர் கண்களை வைத்து மேக்ஸ்வெல் வழியில் மறுபடி அளந்தார்கள். அதை வைத்து 1931-ல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், சி.ஐ.இ. என்ற சர்வதேச அமைப்பு எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்களை உலகப் பொது அளவாக அறிவித்தது. 1993-ல் உருவான ஐ.சி.சி. அமைப்பின் புரொஃபைல்கள் எல்லாம் அந்தப் பொது அளவை நடுவில் வைத்தே பேசுகின்றன. என் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருந்தது. சயான் 20 என்பது நிறத்தின் எண் அல்ல, ஒரு மிஷினுக்குக் கொடுக்கிற கட்டளை. கண் பார்க்கிற நிறத்தின் எண் நடுவில் இருக்கிற அந்தப் பொது எண். ஒரு கருவியிலிருந்து அங்கே போய், அங்கிருந்து இன்னொரு கருவிக்கு இறங்குவதற்குத்தான் புரொஃபைல். பத்து கேமரா, ஸ்கேனர்களும் ஐந்து மிஷின்களும் இருந்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றாக 50 அட்டவணைகள் போடவேண்டாம், 15 புரொஃபைல் போதும்.

சரி, மாற்றத்தை எங்கே செய்வது? டெஸ்க்டாப்பிலா, சர்வரிலா? எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

சர்வரில் மாற்றினால், பத்துக் கணினிகளில் பத்துப் பேர் பத்து விதமாக வைத்திருக்கும் செட்டிங்குகளின் குழப்பம் குறையும். காகிதம் மாறினால் சர்வரில் புரொஃபைலை மட்டும் மாற்றினால் போதும், கோப்பைத் தொடவேண்டியதில்லை. நியூஸ்பிரிண்ட் என்றால் நாலு மையும் சேர்ந்து 240 சதவீதத்துக்குமேல் தாங்காது, ஆர்ட் பேப்பர் 300-க்கு மேலும் தாங்கும். காகிதம் எது என்று கடைசி நிமிஷத்தில் தெரிகிற இடம் சர்வர்தான். ஆனால் படத்தோடு அதன் புரொஃபைலும் ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வர் தானே ஊகிக்கும்.

டெஸ்க்டாப்பில் மாற்றினால், அச்சுக்குப் போகும் முன்பே எந்த நிறம் போகும், எது தங்கும் என்று பார்த்துத் திருத்தலாம். பட்டுச் சேலை மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் கைவேலை தேவைப்பட்டால் இதுதான் நல்லது. கறுப்பு எழுத்தைத் தனிக் கறுப்பாகவே காப்பாற்றலாம். ஆனால் எந்த மிஷின், எந்தக் காகிதம் என்று முன்கூட்டியே தெரியவேண்டும், மானிட்டரும் அளந்து சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும், சர்வரில் மறுபடி மாற்றாதே என்று சொல்லியும் வைக்கவேண்டும்.

ஆக, எது உசத்தி என்பது கேள்வியே இல்லை. ஒரே ஒருமுறை, ஒரே ஓர் இடத்தில், எங்கே என்று எழுதி வைத்துவிட்டு மாற்றவேண்டும். மேக்ஸ்வெல் தாளையும் வெளிச்சத்தையும் கண்ணையும் எழுதிவைத்த அதே ஒழுக்கம்தான்.

இந்த மலரின் அட்டையை வடிவமைக்கும் பொறுப்பு என் தலையில்தான் விழுந்தது. அச்சகத்துக்குக் கொடுத்த ஜாப் டிக்கெட்டில் காகிதத்தின் பெயர், படத்தின் புரொஃபைல், மாற்றம் சர்வரில் மட்டும் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். ப்ரூஃபைப் பகல் வெளிச்சத்தில் வைத்து, நானும் என் நண்பனும் இரண்டு பேராகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம். அட்டையில் இருக்கும் நம் கல்லூரிக் கொன்றை மரத்தின் மஞ்சள் சரியாக வந்திருக்கிறதா என்று, மரத்தடிக்கே எடுத்துப்போய் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் எங்கே தப்பியது என்று காட்ட இந்த முறை என்னிடம் காகிதம் இருக்கிறது!